முதன்முறையாக என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து) ஃபேன்டசி லீக்கில் சேர்கிறேன். ப்ரீசீசன் ஆட்டங்களைப் பார்த்து ஆள் எடுக்கலாமா, இல்லை கோச் யார் என்று பார்க்க வேண்டுமா?

கோச்சைப் பாருங்கள். ப்ரீசீசனும் (சீசன் தொடங்குமுன் நடக்கும், கணக்கில் வராத ஆட்டங்கள்) பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அங்கே மைதானத்தில் விழுந்து புரண்டு ஆடுகிறவரைவிட, ஓரத்தில் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறாரே ஒரு வீரர், அவர்தான் உங்களுக்கு முக்கியம். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 50 டாலர்.

நான் இருப்பது பிட்ஸ்பர்க்கில். அலுவலக நண்பர்கள் 12 பேர் சேர்ந்து நடத்தும் லீக். நான் சேர்ந்த முதல் வருடம் ஆகஸ்ட் நடுவிலேயே டிராஃப்ட் (வீரர்களை முறை வைத்து எடுப்பது) வைத்துவிட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் டிவியில் ஒரு ப்ரீசீசன் ஆட்டம். நான்காவது குவார்ட்டரில் ஒரு வைட் ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்) எறிந்த பந்தையெல்லாம் பறித்து எடுத்தார். இரண்டு டச் டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது) வேறு. பெயர் வேண்டாம், பாவம். ஊருக்குத் தெரியாத ஆளை நான் மட்டும் கண்டுபிடித்துவிட்ட மாதிரி அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

டிராஃப்ட் நடந்தது ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில். சுவர் நிறைய ஒரு அட்டை, மேலே 12 அணிகளின் பெயர்கள், கீழே கட்டம் கட்டமாக ரவுண்டுகள். ஒவ்வொரு வீரருக்கும் பெயர் அச்சடித்த ஒரு கலர் ஸ்டிக்கர். பெயரைச் சொன்னதும் உரித்து ஒட்டுவார்கள். பத்தாவது ரவுண்டில் என் முறை வந்தது, அவர் பெயரைச் சொன்னேன். யாரும் பேசவில்லை. லீக்கை நடத்துகிற பெரியவர் (அவருக்குக் கமிஷனர் என்று பட்டம்) ஸ்டிக்கர் கட்டை இரண்டு முறை புரட்டிவிட்டு, "ஸ்பெல்லிங் சொல்லு" என்றார். கட்டில் அந்தப் பெயரே இல்லை. கடைசியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் பேனாவால் எழுதி ஒட்டினார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் அந்த அணி அவரை வெளியே அனுப்பிவிட்டது. சீசனின் முதல் ஞாயிற்றுக்கிழமை, வேலையே இல்லாத ஒருவர் என் அணியில் இருந்தார்.

சரி, டிராஃப்ட் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரீம் லெவன் பழகியவர்களுக்கு இதில் ஒரே ஒரு பெரிய வித்தியாசம்தான். அங்கே நீங்களும் நானும் கோலியை எடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே ஒரு லீக்கில் ஒரு வீரர் ஒருவருக்குத்தான். அதனால் வரிசை போட்டு எடுக்கிறார்கள். ஸ்னேக் டிராஃப்ட் என்றால் முதல் ரவுண்டில் 1 முதல் 12 வரை போய், அடுத்த ரவுண்டில் 12லிருந்து 1க்குத் திரும்பி வரும். கடைசி இடம் கிடைத்தவருக்கு அடுத்தடுத்து இரண்டு பேர் கிடைப்பார்கள். அப்புறம் 22 பெயர்கள் போகும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். புள்ளிக் கணக்கு சுலபம். பந்தோடு ஓடியோ பிடித்தோ சேர்க்கும் 10 யார்டுக்கு 1 புள்ளி, டச் டவுனுக்கு 6, குவார்ட்டர்பேக் எறிந்து வருகிற டச் டவுன் என்றால் அவருக்குப் பெரும்பாலும் 4. பிபிஆர் லீக்கில் ஒவ்வொரு கேட்சுக்கும் இன்னொரு 1.

இந்தப் பைத்தியம் இன்டர்நெட்டோடு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1962இல் ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணி நியூயார்க் பக்கம் ஆடப் போயிருந்தபோது, அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக் ஹோட்டலில் இரண்டு பேரோடு உட்கார்ந்து இதற்கு விதி எழுதினார். அடுத்த வருடம் அவர் வீட்டிலேயே முதல் டிராஃப்ட் நடந்தது. முதலில் எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா. அப்போதெல்லாம் திங்கட்கிழமை பேப்பரைப் பார்த்துப் பென்சிலால் கூட்ட வேண்டியதுதான்.

இப்போது ப்ரீசீசன். ஆகஸ்டில் ஒவ்வொரு அணியிலும் 90 பேர் வரை இருப்பார்கள். சீசன் தொடங்குமுன் 53 ஆகக் குறைக்க வேண்டும். நடுவில் மூன்று ஆட்டம் (2019 வரை நான்கு இருந்தது, 2021இல் வழக்கமான சீசனை 17 ஆட்டமாக ஆக்கியபோது ஒன்றைக் குறைத்தார்கள்). ஆக அந்த மூன்று ஆட்டமும் 40, 50 பேருக்கு வேலைக்கான இன்டர்வியூ. வேலை உறுதியானவர் இன்டர்வியூவுக்கு எதற்கு வர வேண்டும்? நான் பார்த்து மயங்கிய ரிசீவருக்கு எதிரே நின்று தடுத்தவர்களும் அவரைப் போலவே அந்த வாரம் துணிமணியைப் பெட்டியில் எடுத்து வைத்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அது அப்போது உறைக்கவில்லை.

இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமென்றால், 16 ஆட்ட சீசனில் ஒன்றுகூட ஜெயிக்காமல் 0-16 என்று முடித்த அணிகள் இரண்டே இரண்டு. 2008இல் டெட்ராய்ட் லயன்ஸ், 2017இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ். இரண்டுமே அந்தந்த வருட ப்ரீசீசனில் 4-0! நான்கையும் ஜெயித்துவிட்டு வந்து பதினாறையும் தோற்றார்கள். பால்டிமோர் ரேவன்ஸ் 2016 முதல் 2023 வரை தொடர்ந்து 24 ப்ரீசீசன் ஆட்டங்களை ஜெயித்தது. அதற்கு முன் அந்தச் சாதனை பழைய காலத்துப் பெரிய கோச் வின்ஸ் லொம்பார்டியின் கிரீன் பே பேக்கர்ஸ் வைத்திருந்த 19. லொம்பார்டியை முந்தினார்கள் என்று கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. அந்த ஓட்டத்தில் ஒரு சூப்பர் பௌலுக்குக்கூட (என்எஃப்எல் இறுதி ஆட்டம்) போகவில்லை.

முக்கியமானவர்களை ஏன் இறக்குவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 2015 ஆகஸ்டில் இங்கே பிட்ஸ்பர்க்கில்தான் நடந்தது. பேக்கர்ஸின் ஜோர்டி நெல்சன் ஒரு ப்ரீசீசன் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து அந்த வருடம் முழுக்க வெளியே உட்கார்ந்தார். கணக்கில் வராத ஒரு ஆட்டத்துக்காக. ராம்ஸ் கோச் ஷான் மெக்வே தன் முக்கிய வீரர்களைப் ப்ரீசீசனில் கிட்டத்தட்ட இறக்குவதே இல்லை. ஆகவே புது ஆள் ஒருவர் முதல் ஆட்டத்தில் ஆடி, இரண்டாவதில் கொஞ்சம் ஆடி, மூன்றாவதில் ஓரமாக நிற்க ஆரம்பித்தால், அவர் தேறிவிட்டார் என்று அர்த்தம். மூன்றாவது ஆட்டத்தின் கடைசி நிமிடம்வரை உழைக்கிறார் என்றால் இன்னும் சந்தேகத்தில் இருக்கிறார்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2010இல் ஜயன்ட்ஸின் விக்டர் குரூஸ், நிஜ டிராஃப்டில் (என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை எடுப்பது) எந்த அணியும் எடுக்காத ஆள், ஜெட்ஸுக்கு எதிரான ப்ரீசீசன் ஆட்டத்தில் மூன்று டச் டவுன் போட்டார். நாடே பேசியது. அந்த வருடம் அவரை நம்பி எடுத்தவர்களுக்கு ஒரு புள்ளி கிடைக்கவில்லை, காயத்தோடு போய்விட்டார். அடுத்த வருடம் 1,536 யார்டு. பார்த்தது சரி, வருடம்தான் தப்பு.

டெர்ரெல் டேவிஸ் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1995, டென்வர் பிரான்கோஸ், அதே நிஜ டிராஃப்டில் ஆறாவது ரவுண்டில் 196ஆவதாக எடுக்கப்பட்ட ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்). டோக்கியோவில் சான் பிரான்சிஸ்கோ 49ers அணியோடு ப்ரீசீசன் ஆட்டம். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஒரு கிக்ஆஃபில் ஓடிப்போய் எதிரணிக்காரரை இடித்துச் சாய்த்தார். கோச் மைக் ஷானஹான் கண்ணில் பட்டது அந்த இடி. பந்தோடு ஓடியதைப் பார்த்து அல்ல, இடித்ததைப் பார்த்துத்தான் அவர் மேலே வந்தார். 1998இல் 2,008 யார்டு. அந்த இடிக்கு ஃபேன்டசியில் புள்ளி கிடையாது. கோச் பார்ப்பது வேறு, நாம் பார்ப்பது வேறு.

இங்கேதான் கோச் விஷயம் வருகிறது. டென்வரில் டேவிஸுக்கு அடிபட்டதும் 1999இல் ஒலாண்டிஸ் கேரி ஆயிரம் யார்டைத் தாண்டினார். 2000இல் மைக் ஆண்டர்சன், முன்னாள் மரைன் படைவீரர், ஆறாவது ரவுண்டு ஆள், 1,487. அப்புறம் கிளின்டன் போர்ட்டிஸ் இரண்டு வருடமும் 1,500க்கு மேல். அந்தப் போர்ட்டிஸையே 2004இல் வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டுத் தடுப்பாட்டக்காரர் சாம்ப் பெய்லியை வாங்கினார் ஷானஹான். அந்த வருடம் ரூபன் டிரோன்ஸ் வந்து 1,240 ஓடினார். ஓடுகிறவர் மாறிக்கொண்டே இருந்தார், ஓட்டம் நிற்கவில்லை. லைன்காரர்கள் (முன்வரிசையில் நின்று தடுப்பவர்கள்) ஒரே திசையில் சேர்ந்து நகர்ந்து தடுக்கும் முறை ஒன்றை அலெக்ஸ் கிப்ஸ் என்ற உதவிக் கோச் அங்கே ஊட்டியிருந்தார். ரன்னிங் பேக் இடைவெளியைப் பார்த்து ஒரே வெட்டில் புகுந்தால் போதும்.

மகன் கைல் ஷானஹான் 49ers கோச். 2021இல் மூன்றாவது ரவுண்டில் ட்ரே சர்மனையும் ஆறாவது ரவுண்டில் 194ஆவதாக எலைஜா மிட்செலையும் எடுத்தார். ஃபேன்டசிக்காரர்கள் எல்லோரும் சர்மன் பின்னால் ஓடினார்கள். முதல் வாரம் சர்மனுக்குச் சீருடையே கொடுக்கவில்லை. மிட்செல் 104 யார்டு ஓடினார், சீசன் முடிவில் 963. அப்பா எடுத்தது 196, மகன் எடுத்தது 194. இந்தக் குடும்பத்து அணியில் ஆறாவது ரவுண்டு ஆளைக் கண்டால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

ஆனால் பெரிய கோச் என்பதும் ஃபேன்டசிக்கு உதவுகிற கோச் என்பதும் ஒன்றல்ல. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் கோச்சாக இருந்த பில் பெலிசிக்கைப் பாருங்கள். 2014 நவம்பரில் இண்டியானாபொலிஸுக்கு எதிராக ஜோனஸ் கிரே என்ற பெயர் தெரியாத ரன்னிங் பேக்கை இறக்கினார். 201 யார்டு, நான்கு டச் டவுன். ஃபேன்டசியில் 44 புள்ளி. அந்த வாரம் அமெரிக்கா முழுக்க சீசன் நடுவில் ஆள் எடுக்க மிச்சமிருந்த ஏலப் பணத்தையெல்லாம் கொட்டி அவரை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை செல்போனில் சார்ஜ் போய் அலாரம் அடிக்கவில்லை, பயிற்சிக்கு லேட். ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் ஒரு முறைகூடப் பந்து போகவில்லை. பூஜ்யம். எங்கள் கமிஷனர் அந்த வாரம் கிரேயை ஆட வைத்திருந்தாராம். இன்றைக்கும் பெலிசிக் பெயரைச் சொன்னால் அவர் சொல்வதை எழுத்தில் போட முடியாது.

டிராஃப்ட் இரவில் பாதி நேரம் போவது இந்தச் சண்டையில்தான். வெற்றிக்குக் காரணம் பெலிசிக்கா, அவருடைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) டாம் பிரேடியா? எண்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. பெலிசிக்குக்கு ஆறு சூப்பர் பௌல், பிளேஆஃபையும் சேர்த்து 333 வெற்றி, டான் ஷூலாவின் 347க்கு அடுத்தபடி. ஆனால் பிரேடிக்கு முன் கிளீவ்லாந்தில் 36-44. பிரேடி போன பிறகு நான்கு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் பிளேஆஃப், கடைசி வருடம் 4-13. பிரேடியோ டாம்பாவுக்குப் போன முதல் வருடமே கோப்பையைத் தூக்கினார். என் கட்சி பிரேடி. ஆனாலும் 201 யார்டு ஓடியவரை அடுத்த வாரமே உட்கார வைக்கும் துணிச்சல் வேறு யாருக்கும் வராது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சக் நோல் என்பார்கள். 1969இல் இந்த ஊர் அணியான ஸ்டீலர்ஸுக்குக் கோச்சாக வந்து முதல் வருடம் 1-13. வேறு ஊராக இருந்தால் பெட்டி கட்டியிருப்பார்கள். நான்கு முறை சூப்பர் பௌல் போய் நான்கையும் ஜெயித்தார். 1974 டிராஃப்டில் ஸ்வான், லாம்பர்ட், ஸ்டால்வொர்த், வெப்ஸ்டர் என்று ஒரே வருடத்தில் எடுத்த நால்வரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். நோல், ஷூலா, 49ers பில் வால்ஷ் மூவருமே பழைய கோச் பால் பிரௌன் பட்டறையில் தேறியவர்கள். நோல் வீரராக இருந்தபோது பிரௌன் சொல்லும் ஆட்டத்தை மைதானத்துக்குள் கொண்டுபோய்ச் சொல்லும் தூதுவராகவே ஓடியிருக்கிறார். இதெல்லாம் உங்கள் டிராஃப்டுக்கு ஒரு புள்ளிகூடத் தராது. ஆனால் தெரிந்திருந்தால் மேஜையில் மரியாதை கிடைக்கும்.

நான் இப்போது ஆகஸ்டில் ஒரு நாள் லட்ரோப் போய்விடுவேன். செயின்ட் வின்சென்ட் கல்லூரியில் ஸ்டீலர்ஸ் பயிற்சி முகாம். மைதானத்துக்கே சக் நோல் பெயர்தான். போகும் வழியில் பென் ஹில்ஸ் பெருமாளைச் சேவித்துவிட்டு, அங்கே வாங்கிய புளியோதரையோடு புல்மேட்டில் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் போவது தெரியாது. யார் பந்து பிடிக்கிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. முதல் குவார்ட்டர்பேக் நிற்கும்போது பக்கத்தில் யார் போய் நிற்கிறார்கள், தடுப்பதில் தவறு செய்தவரைக் கோச் திட்டுகிறாரா அல்லது பேசாமல் திரும்பிக்கொள்கிறாரா, இவ்வளவுதான். திட்டு வாங்குகிறவர் பெரும்பாலும் தங்கிவிடுவார்.

உங்களால் முடிந்தால் லீக்காரர்களிடம் சொல்லி, அணிகள் 53 பேராகக் குறைத்த பிறகு டிராஃப்ட் வையுங்கள். கிக்கரை (பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர்) கடைசி ரவுண்டுக்கு முன்னால் எடுக்காதீர்கள், சிரிப்பார்கள். எங்கள் லீக்கில் என் புண்ணியத்தில் இப்போது செப்டம்பர் முதல் வாரத்தில்தான் டிராஃப்ட். ஆனாலும் பத்தாவது ரவுண்டு வந்ததும் கமிஷனர் வாய் திறக்காமல் ஒரு வெள்ளை ஸ்டிக்கரையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி வைப்பார்.