நான் லீவு போட்டா ஸ்டாண்டப்பே நடக்க மாட்டேங்குது

கேள்வி: அண்ணே, மதுரை இலந்தைக்குளம் பக்கம் ஒரு கம்பெனில ரெண்டு வருஷமா அஜைல் கோச்சா இருக்கேன், அதாவது சாஃப்ட்வேர் வேலைய சின்னச் சின்னதா பிரிச்சு அப்பப்ப திருத்திக்கிட்டே செய்ற முறைய டீமுக்குப் பழக்கி விடுற ஆளு. ஸ்டாண்டப் (தெனமும் டீம் கூடுற சின்ன மீட்டிங்), ரெட்ரோ (செஞ்ச வேலைல எது சரி, எது சரியில்லன்னு அப்பப்ப திரும்பிப் பாக்குற மீட்டிங்) எல்லாம் டாண்ணு நடக்கும். போன வாரம் திருமங்கலத்துல சொந்தக்காரங்க விசேஷம்னு ரெண்டு நாள் லீவு போட்டேன், அந்த ரெண்டு நாளும் ஸ்டாண்டப்பே நடக்கலயாம். இதுக்குப் பெருமைப்படவா கவலைப்படவா? - ஒத்தக்கடை வாசகர்

பதில்: பெருமைலாம் வேணாம் தம்பி. ஸ்டாண்டப்ல பேசுறவங்க யாரு மூஞ்சியப் பாத்துப் பேசுறாங்கன்னு நாளைக்குக் கவனிங்க, உங்களப் பாத்துத்தான் பேசுவாங்க, வாத்தியார்கிட்ட வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி. அந்த 15 நிமிஷம் டெவலப்பர்ஸ் தங்களுக்குள்ள அன்னைக்கு வேலையப் பேசி வச்சுக்கறதுக்குன்னுதான் ஸ்க்ரம்ங்கிற அஜைல் முறையோட கையேடான ஸ்க்ரம் கைடு சொல்லுது, நேத்து என்ன, இன்னைக்கு என்ன, தடங்கல் என்னங்கிற அந்த மூணு கேள்வியக்கூட 2020 பதிப்புல தூக்கிட்டாங்க. 2001ல அமெரிக்காவுல யூட்டா மலைல 17 பேர் கூடி எழுதுன அஜைல் அறிக்கைக்குப் பின்னாடி 12 கொள்கை இருக்குல்ல, அதுல கடைசி என்னன்னா டீமே அப்பப்ப உக்காந்து யோசிச்சுத் தன்னைத் திருத்திக்கணும்ங்கிறது. பன்னெண்டையும் படிச்சுப் பாருங்க, கோச்சுங்கிற வார்த்தையே கெடையாது! நம்ம சம்பளத்துக்கு இது கொஞ்சம் ஆபத்தான விஷயந்தான்.

நான் பண்ண கூத்தையும் சொல்லிர்றேன். முன்னாடி வேலை பாத்த எடத்துல ஒரு ரெட்ரோ, டெஸ்டிங் பாக்குற பொண்ணு "சார், பில்டு (டெவலப்பர்ஸ் எழுதுன கோடையெல்லாம் சேத்து டெஸ்ட் பண்ணக் குடுக்குற வெர்ஷன்) ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருது, நான் டெஸ்ட் பண்ணி முடிக்கிறதுக்குள்ள எங்க ஊர் பஸ்ஸு போயிருது"ன்னுச்சு. நான் பெரிய மேதாவி மாதிரி ரோஸ் கலர் ஸ்டிக்கி நோட்ல "கம்யூனிகேஷன் மேம்படணும்"னு எழுதி போர்டுல ஒட்டுனேன். அந்தப் பொண்ணு அதையே கொஞ்ச நேரம் பாத்துச்சு, ஒண்ணும் சொல்லல, அடுத்த மூணு மாசம் எந்த ரெட்ரோலயும் "எல்லாம் ஓகே சார்" தான். பில்டும் எட்டு மணிக்கேதான் வந்துச்சு. அதுலருந்து பேனாவ அவங்க கையிலயே குடுத்துர்றது. மீட்டிங் முடிஞ்சதும் நோட்டுல ரெண்டே வரி எழுதுவேன், நான் எத்தன நிமிஷம் பேசுனேன், யாரு வாயத் தொறக்கும்போது குறுக்க விழுந்தேன்னு. மொத வாரம் எழுதுனதப் படிக்க எனக்கே வெக்கமா இருந்துச்சு.

அதுக்காக எல்லாத்துக்கும் வாய மூடிட்டு இருக்கணும்னு இல்ல, பில்டு ஒடைஞ்சு கெடக்குறப்ப போய் "நீங்க என்ன நெனைக்கிறீங்க"ன்னு கேட்டீங்கன்னா கடுப்பாயிருவாங்க, தெரிஞ்சா நேரா சொல்லிக் குடுத்துருங்க. ரெட்ரோல பேசுனத மேனேஜர்கிட்ட ஒப்பிக்கிற பழக்கம் இருந்தா அத மொதல்ல விடுங்க.

அடுத்த வாரம் ஒரு நாள் ஸ்டாண்டப் நேரத்துக்கு சொல்லாம கொள்ளாம கீழ டீக்கடைக்குப் போயிருங்க. நடக்காது. மறுநாளும் நடக்காது. அப்பறம் இது உங்களுக்கு வேணுமா, எந்த நேரம் தோதுப்படும்னு அவங்ககிட்டயே கேளுங்க. காலைல வேணாம், மத்தியானம் சாப்பிட்டு வந்து வச்சுக்கறோம்னு சொன்னா சரின்னுருங்க, ஏன்னு நோண்டாதீங்க. எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.