சைக்கிளுக்கு எல்.இ.டி. விளக்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 1 வாட் வெள்ளை எல்.இ.டி.யை 18650 என்ற லித்தியம் செல்லில் நேராகக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கண்ணைப் பறித்தது. அப்புறம் நீலம் பாய்ந்து மங்கிவிட்டது. கெட்டது எது, செல்லா எல்.இ.டி.யா?
– திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: எல்.இ.டி.தான். முழுதாகச் சார்ஜ் ஆன 18650 செல்லில் 4.2 வோல்ட் இருக்கும். 1 வாட் வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3.2 வோல்ட் போதும். அதில் 350 மில்லி ஆம்பியர் ஓடும். தடுக்க ஆளில்லாவிட்டால் கரன்ட் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஏறும். எல்.இ.டி. சூடாகச் சூடாக அதற்குத் தேவையான வோல்ட் குறையும். அதனால் கரன்ட் இன்னும் ஏறும், சூடும் ஏறும். மேலே பூசியிருக்கும் மஞ்சள் பாஸ்பர் கருகியதால்தான் அடியிலுள்ள நீல ஒளி வெளியே தெரிகிறது.

கரன்டை அடக்க ரெசிஸ்டர் போடலாம். 4.2-இல் 3.2 போக மீதி 1 வோல்ட், அதை 0.35-ஆல் வகுத்தால் 2.9 ஓம். கடையில் கிடைக்கும் 3.3 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் சரியாக இருக்கும். ஆனால் செல் 3.6 வோல்ட்டுக்கு இறங்கும்போது கரன்ட் பாதியாகிவிடும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது இருந்த வெளிச்சம் திரும்பி வரும்போது இருக்காது. எங்கள் சிபாரிசு ஏ.எம்.சி. 7135 என்ற மூன்று கால் சிப். செல் எந்த நிலையில் இருந்தாலும் 350 மில்லி ஆம்பியரைத் தாண்டவிடாது, எல்.இ.டி.க்குத் தேவையானதற்கு மேல் 0.12 வோல்ட் மிஞ்சினாலே அது வேலை செய்யும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடைகளிலோ வாங்கலாம்.

இணைப்பு இப்படி: செல்லின் பிளஸ் சுவிட்ச் வழியாக எல்.இ.டி.யின் பிளஸ்ஸுக்கும் சிப்பின் வி.டி.டி. (பிளஸ்) காலுக்கும். எல்.இ.டி.யின் மைனஸ் சிப்பின் அவுட் காலுக்கு. சிப்பின் கிரவுண்ட் செல்லின் மைனஸுக்கு. சிப்பின் அகலமான தகடும் கிரவுண்டுதான். அதை ஒரு சிறு செம்புத் தகட்டில் பற்றவைத்தால் சூடு இறங்கும். நட்சத்திர வடிவ அலுமினியத் தட்டில் ஒட்டி வரும் எல்.இ.டி.யை வாங்கி, தெர்மல் பேஸ்ட் தடவி, 5 செ.மீ. நீள அலுமினியச் சேனலில் இரண்டு திருகால் இறுக்குங்கள். பேஸ்டைப் பட்டையாக அப்பினால் அதுவே சூட்டை மறிக்கும், மெல்லிசாகப் போதும்.

தெருவிளக்கு இல்லாத சாலைக்கு ஒரு எல்.இ.டி. போதாது. இரண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிப் கொடுங்கள். நிஜமான 2,600 மில்லி ஆம்பியர்-மணி செல்லில் மூன்றரை மணி நேரம் எரியும். சார்ஜுக்கு டி.பி. 4056 போர்டு, ஆறு இணைப்புப் புள்ளிகள் உள்ள, பாதுகாப்புச் சர்க்யூட் சேர்ந்த வகையாகப் பார்த்து வாங்குங்கள். சார்ஜ் ஏறும்போது விளக்கை எரியவிட்டால் சார்ஜ் முடிந்ததை அந்தப் போர்டால் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள். ஹோல்டர் சில ரூபாய்தான்.

கேள்வி: பழைய சைக்கிளில் டைனமோ நன்றாகச் சுற்றுகிறது. முன் பல்புதான் அடிக்கடி ஃபியூஸ் ஆகிறது. எல்.இ.டி. போடலாமா?
– வில்லியனூர் வாசகர்

பதில்: தாராளமாக. முதலில் பின் விளக்கைப் பாருங்கள். அது எரியாவிட்டால் அதன் பங்குக் கரன்டும் முன் பல்புக்கே போகும். பல்பு சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

6 வோல்ட் 3 வாட் டைனமோ என்ன வேகத்தில் சுற்றினாலும் அரை ஆம்பியரை ஒட்டியே தரும். எல்.இ.டி.க்கு அது வரம்தான், தனி டிரைவர் வேண்டாம். டைனமோ தருவது ஏ.சி.; அதை டி.சி.யாக்க 1 என் 5819 டயோடு நான்கைப் பிரிட்ஜாகக் கட்டி, 3 வாட் எல்.இ.டி. இரண்டைத் தொடராகக் கொடுங்கள். பிரிட்ஜின் பிளஸ், மைனஸுக்குக் குறுக்கே 1,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கபாசிட்டர். 1 வாட் எல்.இ.டி. இந்தக் கரன்டைத் தாங்காது.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டைனமோவிலிருந்து வருவது ஒரே வயர்; மறுமுனை சைக்கிள் பாடி. ஆகவே பிரிட்ஜுக்குப் பிறகு வரும் பிளஸ், மைனஸ் இரண்டுமே பாடியில் படக்கூடாது. மைனஸ் பட்டால் பாதி அலை ஷார்ட் ஆகி வெளிச்சம் பாதியாகும். மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்.இ.டி. வயர் கழன்ற நிலையில் வேகமாக மிதித்தால் வோல்ட் எகிறிக் கபாசிட்டர் வெடிக்கும். விளக்கை அணைக்க, டைனமோவை டயரிலிருந்து விலக்குவதே வழி. மழையில் நனைந்த டயரில் டைனமோ வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் பேட்டரி விளக்கு ஒன்று கூட இருக்கட்டும்.

கேள்வி: கடையில் '10,000 லூமன்' என்று போட்ட சைக்கிள் லைட் விற்கிறார்கள். நாம் செய்ததை அதோடு எப்படி ஒப்பிடுவது?
– முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: பெட்டியில் அச்சிட்டதை விடுங்கள். உள்ளே ஒரு 18650 செல் என்றால் அதில் இருப்பது 9.6 வாட்-மணி. வாட்டுக்கு 100 லூமன் என்று கொண்டால், ஒரே மணி நேரத்தில் செல்லைக் காலி செய்தாலும் ஆயிரம் லூமனைத் தொடாது. 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும்; கையில் பிடிக்க முடியாத சூடு வரும்.

விளக்கை உற்றுப் பார்த்து ஒப்பிடுவது பயனில்லை, தரையைப் பாருங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையின் விளக்குகளுக்கு நடுவே எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். இருட்டான இடத்தில் 5, 10, 15 மீட்டரில் செங்கல் வையுங்கள். போன் கேமராவை மேனுவலுக்கு மாற்றி, ஐ.எஸ்.ஓ., ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டி, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு படம். ஆட்டோவில் எடுத்தால் மங்கல் விளக்கையும் கேமரா தூக்கிக் காட்டிவிடும். எரியவிட்ட உடனே ஒரு படம், அரை மணி கழித்து இன்னொன்று. மலிவு விளக்குகளின் சாயம் இரண்டாவதில் வெளுக்கும்.

ஒளி எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். 15 டிகிரி லென்ஸ் தொலைவுக்கு, 45 டிகிரி பக்கத்துப் பள்ளத்துக்கு; இரண்டு எல்.இ.டி. உள்ளவர்கள் எல்.இ.டி.க்கு ஒரு வகையாகப் போடலாம். விளக்கு 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளியின் மையம் 50 செ.மீ. உயரத்தில் விழும்படி சாய்த்து இறுக்குங்கள். சாலையில் அது 10 மீட்டரில் தரையைத் தொடும், எதிரே வருபவர் கண்ணிலும் அடிக்காது.

கேள்வி: இரண்டே மாதத்தில் திருகு, வயர் எல்லாம் பச்சை பூத்துவிடுகிறது.
– கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: உப்புக்காற்றின் வேலை. வினிகர் வாடை அடிக்கும் சிலிகோன் சீலன்ட் செம்பை அரிக்கும். 'நியூட்ரல்' என்று போட்டதை வாங்குங்கள். பற்றவைத்த இடங்களை ஐ.பி.ஏ.வால் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) துடைத்து, நிறமற்ற நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. அலுமினியத்தில் ஸ்டீல் திருகு நேராக உட்கார்ந்தால் அலுமினியம் பொரியும். கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் வாஷர் வைத்து முறுக்குங்கள். பெட்டியின் அடியில் 2 மி.மீ. துளை ஒன்று கட்டாயம். முழுக்க அடைத்தால் உள்ளே வியர்த்து, நீர் போக வழியில்லாமல் நிற்கும்.

கேள்வி: பின் விளக்கு மின்ன வேண்டுமா?
– லாஸ்பேட்டை வாசகர்

பதில்: மின்னுவது கவனத்தை இழுக்கும், ஆனால் பின்னால் வருபவருக்குத் தூரம் பிடிபடாது. நிலையாக ஒன்று எரியட்டும், மின்னுவது வேண்டுமானால் கூடுதலாக. 5 மி.மீ. சிவப்பு எல்.இ.டி. மூன்று, 18650 செல்லில் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாக 120 ஓம் ரெசிஸ்டர். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் கரன்ட் சமமாகப் பிரியாது, ஒன்று மட்டும் அதிகம் தின்று சீக்கிரம் போகும். தெளிந்த தலையுள்ள எல்.இ.டி. நேர் பின்னால்தான் தெரியும். ஆகவே நடுவில் உள்ளது நேராக, மற்ற இரண்டும் இடம் வலமாக 30 டிகிரி திரும்பி இருக்கட்டும்.