ரெண்டு ஏழு விழுந்தால் மூன்றாவது நெருங்கிவிட்டதா?

நகரி பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "திருப்பதி 300 ரூபாய் தரிசனத்துக்கு ஸ்லாட் எடுத்தேன். பிறகு போனில் 'ஸ்லாட்' விளையாட்டு லிங்க் வந்தது. மூன்று ஏழு சேர்ந்து விழுந்தால் ஜெயிப்பாம். போடும் பணத்தில் 96 சதவீதம் திரும்பக் கிடைக்குமாம். 500 ரூபாய் போட்டேன். பலமுறை ரெண்டு ஏழு விழுந்து மூன்றாவது மட்டும் ஒரு படம் தள்ளி நின்றது. விடாமல் ஆடினால் விழுமா?"

இதுவரை விழுந்ததற்கும் அடுத்து விழப்போவதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

முதலில் பெயர். ரயில் நிலையத்து எடை மெஷினில் காசு போடும் நீளத் துளை இருக்குமே, அதுதான் ஸ்லாட். சிம் ஸ்லாட்டும் அப்படித்தான், பொருள் பொருந்தி உட்காரும் இடம். அந்த 'இடம்' நேரத்துக்கும் ஆகிவந்ததால் தரிசன ஸ்லாட், லைசென்ஸ் டெஸ்ட் ஸ்லாட். சூதாட்ட மெஷினுக்குப் பெயர் கொடுத்தது காசுத் துளை. 1890களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த 'லிபர்டி பெல்'லில் நிஜமான மூன்று உருளைகள் சுற்றின.

இப்போது உருளை வெறும் வேடிக்கை. பட்டனை அழுத்தியதுமே ஒரு எண் முடிவாகிவிடும். படம் சுற்றுவது அதற்குப் பிறகு. டெல்னேஸ் என்பவர் 1984இல் காப்புரிமை பெற்ற முறையில், ஒவ்வொரு உருளையிலும் கண்ணுக்கு 22 இடம் தெரிந்தாலும் உள்ளே 64 எண் வைக்கலாம். ஏழுக்கு ஒரே எண், அதை ஒட்டிய வெற்றிடங்களுக்கு ஐந்தாறு எண். 'ஒரு படம் தள்ளி' அடிக்கடி நிற்பது இதனால்தான். அது நெருக்கமே இல்லை, சுத்தமான தோல்வி.

அந்த 96 சதவீதம் என்பது லட்சக்கணக்கான சுற்றுகளின் சராசரி, அதுவும் அவர்கள் சொல்வது உண்மையானால். சுற்றுக்கு 10 ரூபாய், ஆறு விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 600 சுற்று, 6,000 ரூபாய் பந்தயம். அதில் 4 சதவீதம் 240. கையிலிருப்பது 500தான் என்றாலும் திரும்பி வருவதையே மறுபடி போடுவதால் பந்தயம் ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. ஒரு மணியில் பாதிப் பணம் போவது சராசரிக் கணக்கு. மொத்தமும் போவதும் சகஜம்.

கோவாவில் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஸ்லாட்டுகளுக்குச் சட்டத்தில் தனி அனுமதி உண்டு. போனில் பணம் கட்டி ஆடுவதை 2025ஆம் ஆண்டு மத்திய சட்டம் தடை செய்திருக்கிறது. ஜெயித்த பணத்தை எடுக்க 'முதலில் வரி கட்டு' என்று கேட்டால் அது மோசடியேதான், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் பணம் போனதற்கான யூ.டி.ஆர். எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு.