பயாப்ஸி நார்மல் என்றால் கருப்பைத் தசைப் புற்றுநோய் இல்லை என்று அர்த்தமா?

மாதவிடாய் நின்ற அம்மாவின் கருப்பையில் கட்டி வளர்கிறது, ஆனால் பயாப்ஸி நார்மல் என்று வந்திருக்கிறது என எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. அம்மாவுக்கு எடுத்தது கருப்பையின் உட்சவ்விலிருந்து ஒரு துணுக்கு. லியோமயோசர்கோமா எனும் கருப்பைத் தசைப் புற்றுநோய் உருவாவது அதற்கு வெளியே உள்ள தசைச் சுவரில். கட்டி உட்சவ்வை எட்டாவிட்டால் அந்த பயாப்ஸியில் சிக்காமலே போகலாம்.

அதற்காகப் பதற வேண்டாம். இது அபூர்வமான நோய். தசையில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாத சாதாரண ஃபைப்ராய்டுதான். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு, ஹார்மோன் மாத்திரையும் எடுக்காதபோது, கட்டி வளர்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை லேசாக விடாதீர்கள். அந்த வயதில் ஃபைப்ராய்டு பொதுவாகச் சுருங்கத்தான் வேண்டும். முன்பு டமாக்சிஃபென் (மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரை) எடுத்திருந்தாலோ, இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை நடந்திருந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

1. கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) கொடுத்து, டிஃப்யூஷன் படங்களோடு (திசுவில் நீர் நகர்வதைக் காட்டுபவை) எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று கேளுங்கள். கூடவே எல்டிஹெச் (செல்கள் சேதமானால் ரத்தத்தில் கூடும் ஒரு நொதி) ரத்தப் பரிசோதனையும்.

2. லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை சிகிச்சை) என்றால், கட்டியை உள்ளேயே துண்டாக்கி எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இதுதான் ரொம்ப முக்கியம். உள்ளே புற்றுநோய் இருந்தால் அது வயிற்றுக்குள் சிதறிப் பரவலாம். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014-லேயே இதைப் பற்றி எச்சரித்தது.

எம்ஆர்ஐயும் இறுதித் தீர்ப்பு அல்ல. சிதைவடைந்த ஃபைப்ராய்டும் படத்தில் சில சமயம் புற்றுநோய் போலவே தெரியும். கட்டியை எடுத்து நோய்க்குறியியல் பரிசோதனை செய்த பிறகுதான் உறுதியாகும். சந்தேகம் மிச்சமிருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன்பே மகளிர் புற்றுநோய் நிபுணர் ஒருவரிடம் அம்மாவைக் காட்டிவிடுங்கள்.