பள்ளிக் கலையரங்கில் டிவி தேர்தல் விவாதம்: சம்மதிக்கலாமா?

கேள்வி: நான் ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியின் தாளாளர். சட்டமன்றத் தேர்தலையொட்டி எங்கள் தொகுதி வேட்பாளர்களை வைத்து ஒரு விவாத நிகழ்ச்சி எடுக்க எங்கள் கலையரங்கைக் கேட்கிறது ஒரு செய்திச் சேனல். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் 200 பேரைப் பார்வையாளர்களாக உட்கார வைக்கவும் கேட்கிறார்கள். பள்ளிக்கு நல்ல விளம்பரம் என்கிறார் பிரின்சிபால். எனக்கு உள்ளுக்குள் பயம். சம்மதிக்கலாமா?

பதில்: அரங்கைத் தரலாம், பிள்ளைகளைத் தர வேண்டாம். செய்திச் சேனல்களுக்காக இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைப் பல ஊர்களில் ஏற்பாடு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சேனல்கள் பள்ளியைத் தேடி வருவதற்குப் பாதிக் காரணமே அந்த 200 பேர்தான். சீருடையில், வரிசையாக, கைதட்டச் சொன்னால் தட்டும் கூட்டம் வேறெங்கே கிடைக்கும்?

ஒருமுறை ஒரு பள்ளியில் பிளஸ் டூ மாணவி ஒருத்தி எழுந்து தன் ஊருக்குப் பேருந்து வராததைப் பற்றிக் கேட்டாள். நல்ல கேள்வி. கேமரா அவள் முகத்துக்கு நெருங்கிப் போனது. கழுத்தில் ஐடி கார்டு. இன்றைய கேமராவில் அதில் இருக்கும் எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரியும்: பெயர், வகுப்பு, ரத்த வகை, அப்பாவின் செல்போன் எண். மறுநாள் அந்தக் காட்சியை மட்டும் வெட்டி, ஒரு கட்சிக்காரர்கள் அவளைப் பாராட்டியும் இன்னொரு கட்சிக்காரர்கள் திட்டியும் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அவள் அப்பாவுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. அதன்பிறகு பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களைத் தேர்தல் நிகழ்ச்சியில் உட்கார வைக்க நான் சம்மதித்ததே இல்லை.

இதில் தேர்தல் ஆணையத்தின் நிலைப்பாடும் கண்டிப்பானது. பிரசாரத்தில் எந்த வகையிலும் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் கட்சிகளுக்கு அறிவுறுத்தியது: துண்டறிக்கை கொடுக்க, கோஷம் போட, ஊர்வலத்தில் நடக்க எதற்கும் கூடாது, தலைவர்கள் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் கூடாது. விவாதத்தைக் கேட்பது பிரசாரம் ஆகாதே என்று சேனல்காரர் வாதிடலாம். சரி. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் வேட்பாளர் மேடையை விட்டு இறங்கிப் பிள்ளைகளுக்கு நடுவே நின்று விரலை உயர்த்திச் சின்னம் காட்டிப் படம் எடுத்தால்? அந்த ஒரு நொடியை உங்களால் தடுக்க முடியாது.

பார்வையாளர்களாகப் பெற்றோரையும் பழைய மாணவர்களையும் ஊர்க்காரர்களையும் அழைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கேட்க ஆசை இருக்கும், இருக்கவும் வேண்டும். வகுப்புக்கு ஒரு பெட்டி வைத்து, பெயர் எழுதாமல் கேள்விகளைச் சீட்டில் வாங்கி நெறியாளரிடம் கொடுங்கள். அந்தப் பேருந்துக் கேள்வியை நெறியாளர் வாசித்திருந்தாலும் வேட்பாளர் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்!

அடுத்தது அனுமதி. பள்ளி, கல்லூரி மைதானங்களில் அரசியல் கூட்டம் நடத்த ஆணையம் சில நிபந்தனைகளோடு இடம் கொடுக்கிறது: கல்வி நாட்காட்டி எந்த விதத்திலும் பாதிக்கப்படக் கூடாது, நிர்வாகத்துக்கு ஆட்சேபம் இருக்கக் கூடாது, நிர்வாகத்தோடு கோட்ட அளவிலான அதிகாரியின் முன் அனுமதியும் வேண்டும். நம் ஊரில் அது ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர். சேனல் நிகழ்ச்சி கட்சிக் கூட்டம் இல்லைதான். ஆனால் வேட்பாளர்கள் வருகிறார்கள், தொண்டர்கள் வருகிறார்கள், மைக் கட்டுகிறார்கள். அதனால் ஆர்.டி.ஓ., தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலர், காவல் நிலையம் மூன்று இடத்திலும் சேனலின் பெயரில் எழுத்து மூலம் அனுமதி வாங்கி, அதன் நகலைக் கொடுத்தால்தான் கேட் திறக்கும் என்று சொல்லிவிடுங்கள். போனில் பேசிவிட்டோம் என்பதை ஏற்காதீர்கள்.

அதே நிபந்தனைகளில் இன்னொன்று இருக்கிறது, பல பள்ளிகள் அதைக் கவனிப்பதில்லை. முதலில் கேட்டவருக்கு முதலில். எந்தக் கட்சியும் அந்த இடத்தைத் தனதாக்கிக்கொள்ளக் கூடாது. இன்று ஒரு விவாதத்துக்கு இடம் கொடுத்தால், அடுத்த வாரம் ஏதாவது ஒரு கட்சி செயல்வீரர்கள் கூட்டத்துக்கு அரங்கைக் கேட்டு வரும். ‘அவங்களுக்குக் கொடுத்தீங்க, எங்களுக்கு ஏன் இல்லை?’ என்பார்கள். அதற்கு இப்போதே நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள்: பல கட்சிகளும் சமமாக அழைக்கப்படும் விவாதத்துக்கு மட்டுமே அரங்கு, தனிக் கட்சி நிகழ்ச்சிக்கு இல்லை. அழைக்கப்பட்டவர்களின் பட்டியலைச் சேனலிடம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். யாராவது வர மறுத்தால் அந்தப் பட்டியல்தான் உங்களுக்குச் சாட்சி.

தேதி விஷயத்தில் இரண்டு பொறிகள் உண்டு. பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில். உங்கள் பள்ளி தேர்வு மையமாக இருந்தால் அது முடியும்வரை பேச்சே வேண்டாம். வாக்குச்சாவடியாகவும் இருந்தால் வாக்குப்பதிவுக்கு முந்தைய கடைசி வாரத்தைத் தவிருங்கள். இன்னொன்று ஒளிபரப்பு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 126-இன்படி வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தொலைக்காட்சியில் தேர்தல் விஷயங்களைக் காட்டக் கூடாது. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. மறு ஒளிபரப்பும் யூடியூப் துண்டுகளும் அந்த நேரத்தில் ஓடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

பணம்: மின்சாரம், துப்புரவு, சேதம் எல்லாம் சேனல் கணக்கு. வேட்பாளரோ கட்சியோ ஒரு டீ கூட வாங்கித் தர விடாதீர்கள். அவர்களுடைய தேர்தல் செலவுக் கணக்கில் உங்கள் பள்ளியின் பெயர் எதற்கு? செலவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அமெரிக்காவில் 2016-இல் அதிபர் வேட்பாளர்களின் முதல் விவாதத்தை நடத்த இருந்த ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம், பாதுகாப்புச் செலவு ஏறிக்கொண்டே போனதால் இரண்டு மாதம் முன்பு விலகிக்கொண்டது. ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகம் அதை எடுத்து நடத்தியது.

மின்சாரத்துக்குப் பள்ளி இணைப்பை நம்பாமல் ஜெனரேட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒலிக்கு மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் அதிபர் வேட்பாளர்கள் ஃபோர்டும் கார்ட்டரும் விவாதித்தபோது ஒலி அறுந்து, 27 நிமிடம் இருவரும் மேடையில் பேசாமல் நின்றார்கள். காரணம் ஒரு சின்ன மின்தேக்கி. அங்கே கூட்டம் அமைதியாகக் காத்திருந்தது. நம் ஊர் அரங்கில் 27 நிமிடம் மைக் இல்லாவிட்டால் கோஷம் ஆரம்பித்துவிடும்.

அதனால் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை வரிசையாகக் கயிற்றால் கட்டிவிடுங்கள், கோபத்தில் தூக்க முடியாது. தண்ணீர் பேப்பர் கப்பில், பாட்டில் வேண்டாம். கட்சித் துண்டும் கொடியும் வாசலிலேயே வாங்கி வைக்கப்பட வேண்டும். பையையும் பாருங்கள், படப்பிடிப்பு தொடங்கியதும் துண்டு வெளியே வரும். முன்வரிசை இருக்கைகளுக்கு எண் போட்டு, எல்லாக் கட்சிக்கும் சமமாகப் பிரியுங்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் பள்ளிப் பெயரையும் சின்னத்தையும் துணியால் மூடச் சொல்வேன். பிரின்சிபாலுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் ஒரு வேட்பாளர் உங்கள் பள்ளிச் சின்னத்துக்குக் கீழே நின்று சவால் விடும் படம் வருஷக்கணக்கில் சுற்றும்.

ஆசிரியர்கள் கேள்வி கேட்க வேண்டாம். அவர்களில் சிலர் வாக்குச்சாவடிப் பணிக்குப் போகிறவர்களாக இருப்பார்கள்.

நிகழ்ச்சியைச் சனிக்கிழமை மாலையில் வையுங்கள். ஞாயிறு காலை உதவியாளர்களோடு நீங்களே ஒரு நடை போய், நாற்காலிக்கு அடியில் கிடக்கும் நோட்டீஸ்களையும் தூணில் ஒட்டிய ஸ்டிக்கர்களையும் எடுத்துவிடுங்கள். திங்கள் காலை பிரேயருக்குப் பிள்ளைகள் வரும்போது அரங்கு பழையபடி இருக்கட்டும்.