ரோமில் உட்காருவதற்குத்தான் காசு

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கும்பகோணம். வரும் அக்டோபரில் நானும் மனைவியும் ரோமில் 5 இரவு தங்குகிறோம். விமான டிக்கெட், ஓட்டல் அறை இரண்டுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. சாப்பாட்டுக்கும் ஊர் சுற்றவும் 1,000 யூரோ ஒதுக்கியிருக்கிறோம். போதுமா? இருவரும் சைவம். பணத்தை எப்படி எடுத்துப் போவது?

பதில்: போதும். கொஞ்சம் கவனமாக இருந்தால் மிச்சமும் வரும். அந்த ஊரில் பார்ப்பதற்கு ஆகும் செலவு குறைவு, உட்காருவதற்குத்தான் அதிகம்.

காபியையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்கள் கல்லாவில் காசைக் கட்டி, ரசீதை வாங்கி, மேடை ஓரமாக நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறார்கள். ஒன்றேகால், ஒன்றரை யூரோவில் வேலை முடிந்துவிடும். அதே காபியைப் பியாட்சா நவோனா போன்ற சதுக்கத்தில், வெளியே போட்டிருக்கும் மேசையில் உட்கார்ந்து குடித்தால் மூன்று நான்கு மடங்கு ஆகலாம். ஏமாற்று இல்லை, விலைப்பட்டியலிலேயே நிற்பவருக்கு ஒரு விலை, அமர்பவருக்கு ஒரு விலை இருக்கும். உணவகத்தில் அமர்ந்தாலும் பில்லில் 'பானே' (ரொட்டி) அல்லது 'கோப்பெர்த்தோ' (இருக்கைக் கட்டணம்) என்று தலைக்கு இரண்டு யூரோ போலச் சேர்ந்திருக்கும். அதற்கு மேல் டிப்ஸ் கட்டாயமில்லை. ஸ்பானியப் படிக்கட்டில் ஓசியில் உட்காரலாம் என்று நினைக்காதீர்கள். 2019 முதல் அங்கே உட்காரத் தடை, அபராதமும் உண்டு.

மதியத்துக்கு, பீட்சாவைத் துண்டு போட்டு எடைக்கு விற்கும் கடைகளைத் தேடுங்கள். கத்தரிக்கோலை எங்கே வைக்கட்டும் என்று கடைக்காரர் சைகையால் கேட்பார். விரலால் காட்டினால் அந்த அளவுக்கு வெட்டி, நிறுத்துக் கொடுப்பார். பலகையில் இருப்பது சில கடைகளில் 100 கிராம் விலை, சில கடைகளில் கிலோ விலை. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் 15 யூரோ தாராளம்.

சைவத்தில் ஒரு பொறி இருக்கிறது. அமாத்ரிச்சானா என்ற பாஸ்தா வெறும் தக்காளிச் சாறு போட்டது போலத் தெரியும், அதில் பன்றிக் கன்னத்து இறைச்சி உண்டு. காச்சோ எ பெப்பே என்ற பாஸ்தாவைக் கேளுங்கள். ஆட்டுப்பால் சீஸும் மிளகும் மட்டும்தான், நம் நாக்குக்கும் ஒத்துவரும். அந்தச் சீஸை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்ப்பார்கள். அதுவும் ஆகாது என்றால் சீஸே இல்லாத மரினாரா பீட்சா சரியாக இருக்கும்.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். தெருவெங்கும் 'நசோனி' என்ற இரும்புக் குழாய்கள், 1874 முதல் இருப்பவை, குடிநீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் பீய்ச்சும். குனியாமல் குடிக்கலாம்.

இனி டிக்கெட். கொலோசியம் 18 யூரோ, அதிலேயே பழைய ரோமானிய மன்றமும் பாலடைன் குன்றும் அடக்கம். வத்திக்கான் அருங்காட்சியகம் முன்பதிவோடு 25, பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் 5. இருவருக்கும் சேர்த்து 100க்குள் முடியும். புனித பேதுரு பேராலயம் இலவசம். காரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள் இருக்கும் சான் லூயிஜி தேவாலயமும் இலவசம். சான் பியேத்ரோ இன் வின்கோலியில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசே சிலைக்குப் பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும். கொஞ்சம் நின்றால் வேறு யாராவது போடுவார்கள் (கணக்குப் பார்ப்பவன் புத்தி, மன்னிக்கவும்). மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியமே இலவசம்தான், ஆனால் வரிசையைப் பார்த்தால் 18 யூரோ மலிவு என்று தோன்றும்.

கணக்கு இப்படி: சாப்பாடு நாளுக்கு 75 வீதம் 375, டிக்கெட் 100, விமான நிலைய ரயிலும் பஸ்ஸும் 100. அறைக்குப் பணம் கட்டியிருந்தாலும் நகர வரியை ஓட்டலில் தனியாக வாங்குவார்கள். தலைக்கு, இரவுக்கு என்று போட்டு, நட்சத்திரத்தைப் பொறுத்து 60 முதல் 75 வரை வரலாம். ஆக 650.

பணத்தில் 200 யூரோ ரொக்கமாக, 500 யூரோ ஃபாரெக்ஸ் கார்டில் (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் கார்டு) போதும். மீதி 300ஐ இங்கேயே சேமிப்புக் கணக்கில் வையுங்கள், தேவைப்பட்டால் அங்கிருந்தே கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். மொத்தமாக ஏற்றிவிட்டு வந்து திருப்பி மாற்றினால் வாங்கும்போதும் விற்கும்போதும் நஷ்டம். சாதாரண கிரெடிட் கார்டை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள், பல வங்கிகள் 3.5% வரை கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும்.

கடையில் கார்டைத் தேய்த்ததும் இயந்திரம் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்கும். யூரோவை அழுத்துங்கள். முதல் பயணத்தில் ரூபாயைப் பார்த்த சந்தோஷத்தில் நான் அதையே அழுத்தினேன். இயந்திரம் போட்ட மோசமான மாற்று விகிதத்தில் ஒரு இரவுச் சாப்பாட்டுக்கே முந்நூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போனது, ஊருக்கு வந்து ஸ்டேட்மென்ட் பார்த்தபோதுதான் தெரிந்தது.