குழந்தை என்ஐசியூல இருக்கு, அம்மா உடைஞ்சு போயிருக்காங்க: கவுன்சிலிங் இப்பவே வேணுமா?

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "30 வாரத்துலயே குழந்தை பிறந்துடுச்சு, என்ஐசியூல (பச்சிளங்குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வச்சு மூணு வாரம் ஓடிடுச்சு. மனைவி சரியா சாப்பிடறதில்ல, ராத்திரி தூங்கறதில்ல, என்னாலதான் இப்படி ஆச்சுன்னு அழறாங்க, இப்ப குழந்தைய பாக்கவே வரமாட்டேங்கறாங்க. டாக்டர் கவுன்சிலிங் போகச் சொல்றார். குழந்தை வீட்டுக்கு வந்தா தானா சரியாயிடாதா? பேசி என்ன ஆகப்போகுது?"

டிஸ்சார்ஜ் வரைக்கும் காத்திருக்காதீங்க, இதுதான் என் பதில். பிரசவம் ஆன முதல் ரெண்டு வாரம் அழுகை, எரிச்சல் எல்லாம் நிறைய பேருக்கு வரும், தானா அடங்கிடும். அதுக்கப்பறமும் தூக்கம் இல்லாம, குற்ற உணர்ச்சியோட, எதுலயும் ஒட்டாம இருக்காங்கன்னா அது டிப்ரஷனா இருக்க வாய்ப்பு அதிகம், என்ஐசியூ அம்மாக்களுக்கு மத்த அம்மாக்களை விட இது நிறையவே வருது. அதோட டிஸ்சார்ஜ் நாள்னா சந்தோஷம் மட்டும் இல்லைங்க, அதுவரைக்கும் கூட இருந்த நர்ஸ், மானிட்டர் எதுவும் இல்லாம அந்தச் சின்ன உயிரை தனியா பாத்துக்கணும், ஏற்கனவே சோர்ந்து போனவங்களுக்கு அங்கதான் பயம் இன்னும் ஏறும்.

பாக்க வரமாட்டேங்கறாங்கன்னு சொன்னீங்களே, அதை பாசம் இல்லன்னு தயவுசெஞ்சு எடுத்துக்காதீங்க. அலாரம் சத்தம், ட்யூப், குழந்தைக்கு ஊசி போடறதைப் பாத்துட்டு நின்னது எல்லாம் மனசுல காயமா பதிஞ்சிருக்கும், உள்ள போனாலே அது திரும்ப ஓடும், அதனால மனசு அந்த இடத்தையே தவிர்க்கப் பாக்கும். போகாம இருந்தா குற்ற உணர்ச்சி கூடும், அது கூடக்கூட போறது இன்னும் கஷ்டமாயிடும். பேச்சு சிகிச்சை உடைக்கப் பாக்கறது இந்தச் சுழலைத்தான்.

அங்க வெறும் ஆறுதல் சொல்லி அனுப்பமாட்டாங்க. சிபிடின்னு, நினைப்பையும் நடந்துக்கற விதத்தையும் மாத்தப் பாக்கற ஒரு பேச்சு சிகிச்சை முறை இருக்கு, அதுல "என்னாலதான்"ங்கற நினைப்பையே எடுத்து வச்சு, அப்ப உண்மையில என்ன நடந்தது, டாக்டர் என்ன காரணம் சொன்னார், இதே நிலைமைல உங்க தங்கச்சி இருந்தா அவகிட்ட என்ன சொல்வீங்கன்னு ஒவ்வொண்ணா பாப்பாங்க (குறைப்பிரசவத்துல பல நேரம் இதுதான் காரணம்னு யாராலயும் சொல்லவே முடியாது). கூடவே சின்னச் சின்ன வேலை இருக்கும், இன்னைக்கு வார்டு வாசல் வரைக்கும், அடுத்து அஞ்சு நிமிஷம் குழந்தையோட கால்ல கை வச்சுட்டு, அப்பறம் நர்ஸ் உதவியோட நெஞ்சோட அணைச்சு வச்சுக்கறதுன்னு. பிரசவம் நடந்த கதைய முதல்ல இருந்து கடைசி வரைக்கும் சொல்லவோ எழுதவோ வைக்கறதும் உண்டு. ஐபிடின்னு இன்னொரு முறை, அதுல உறவுகளைப் பாப்பாங்க, உங்களுக்குள்ள வர்ற சண்டை, சொந்தக்காரங்க பேச்சு, எதிர்பாத்த பிரசவம் கிடைக்காமப் போன துக்கம் எல்லாம் வரும்.

பலன் இருக்கான்னா, இருக்கு. ஸ்டான்ஃபோர்ட்ல ரிச்சர்ட் ஷா குழு குறைப்பிரசவ அம்மாக்களுக்குன்னே ஆறு செஷன்ல ஒரு முறைய உருவாக்கி 2013ல முடிவை வெளியிட்டாங்க, அதிர்ச்சி அறிகுறியும் டிப்ரஷனும் குறைஞ்சுது. பாகிஸ்தான் கிராமங்கள்ல சுகாதாரப் பணியாளர்களுக்கே சிபிடி அடிப்படைல பயிற்சி கொடுத்து, டிப்ரஷன் இருந்த அம்மாக்களைப் பாக்க வச்சாங்க, ஆறு மாசத்துல டிப்ரஷன்லயே இருந்தவங்க 23 சதவீதம், அந்தப் பயிற்சி இல்லாத பக்கம் 53 சதவீதம் (2008ல வந்த ஆய்வு, அவங்க என்ஐசியூ அம்மாக்கள் இல்ல, ஆனா பெரிய டாக்டர்தான் வேணும்னு இல்லங்கறது இதுல தெரியுது).

கவுன்சிலிங் போனா, பிரசவத்துக்கப்பறம் டிப்ரஷன் இருக்கான்னு பாக்க முதல்ல எடின்பரோ அளவுகோல்னு 10 கேள்வி கேப்பாங்க, கடைசி கேள்வி தன்னையே காயப்படுத்திக்கற எண்ணம் பத்தி, அதை மறைக்காம சொல்லச் சொல்லுங்க. தைராய்டு, ரத்தசோகை டெஸ்டும் கேளுங்க. மாத்திரை தேவைப்பட்டா பயந்து ஒதுக்காதீங்க, செர்ட்ரலின் மாதிரி மருந்து தாய்ப்பால்ல ரொம்பக் கம்மியாதான் போகும், ஆனா குறைமாசக் குழந்தைங்கறதால குழந்தை டாக்டருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

சாகணும்னு பேசினாலோ, குழந்தைய ஏதாவது பண்ணணும்னு முடிவோட பேசினாலோ, யாரோ பேசறது கேக்குதுன்னாலோ, தூங்காமலே படபடன்னு ஓடிட்டு இருந்தாலோ, செஷனுக்கெல்லாம் காத்திருக்காம உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க, தனியா விடாதீங்க.

நீங்க "தைரியமா இரு"ன்னு சொல்றதை நிறுத்திட்டு முதல் அப்பாயின்ட்மென்ட்டை நீங்களே போடுங்க, அவங்களை போட வைக்காதீங்க, அந்த தெம்பு இப்ப அவங்ககிட்ட இல்ல. என்ஐசியூ நர்ஸ்கிட்டயே கவுன்சிலர் யாராவது இருக்காங்களான்னு கேளுங்க, பால் எடுக்கற நேரத்துக்கு நடுவுல, இல்ல வீடியோ கால்லயும் செஷன் வைக்கலாம். முதல் கவுன்சிலர் ஒத்துவரலைன்னா வேற ஆளை மாத்திக்கலாம், தெரபியையே விட்டுடாதீங்க. அப்பாக்களுக்கும் டிப்ரஷன் வரும், உங்க தூக்கமும் கெட்டுப்போயிருந்தா அதையும் அங்கயே சொல்லுங்க.